சாம்பல் கிளியோடு துபாயிலிருந்து ஜெர்மனிக்குக் குடிபெயர்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பது இது: துபாயில் உங்கள் வீட்டில் ஆறு வயது ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி ஒன்று வளர்கிறது. அக்டோபரில் மியூனிக்கில் வேலைக்குச் சேர வேண்டும். கிளியைக் கையோடு விமானத்தில் கொண்டுபோகலாமா, எவ்வளவு செலவாகும், முடியாவிட்டால் திருச்சியில் அம்மா வீட்டில் விட்டுவிடலாமா? பார்வைக்கு இது விமானத்தைப் பற்றிய கேள்விதான். ஆனால் விமானம் கடைசியில் வருவது. கிளி எங்கே, எப்படிப் பிறந்தது என்று காட்டும் காகிதம் உங்கள் கையில் இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே நிற்கிறது. அது இருந்தால் மிச்சம் அலைச்சலும் செலவும் மட்டுமே. இல்லையென்றால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் எந்த ஏஜென்டாலும் முறைப்படி கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. முடியும் என்று சொல்கிறவரிடம் பறவையை ஒப்படைக்காதீர்கள்.

காரணம் சைட்டீஸ் ஒப்பந்தம். அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களை நாடு விட்டு நாடு கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம் அது. காடுகளில் கண்மூடித்தனமாகப் பிடித்ததால் சாம்பல் கிளிகள் அருகிப் போயின. 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் அவற்றை இரண்டாம் பட்டியலிலிருந்து, மிகக் கடுமையான கட்டுப்பாடுள்ள முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். 2017 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. புலியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. உங்கள் கிளிக்கு ஆறு வயது என்றால் அது இந்த மாற்றத்துக்குப் பிறகு பிறந்த பறவை. "அப்போதெல்லாம் இந்தச் சட்டம் இல்லையே" என்ற விளக்கத்துக்கு இடமே இல்லை. கடைக்காரர் 'டிம்னே' என்று சொல்லி விற்றிருந்தாலும், வால் கருஞ்சிவப்பாக இருக்கும் அந்தச் சிறு வகைக்கும் இதே விதிதான்.

ஆகவே முதல் வேலை, வீட்டில் இருக்கும் காகிதங்களை எடுத்து மேசையில் பரப்புவது. பறவை வேறு நாட்டில் பிறந்து அமீரகத்துக்கு வந்ததா, அமீரகத்திலேயே வளர்ப்பகத்தில் பிறந்ததா என்று பாருங்கள். சந்தைக்கு வரும் வளர்ப்புச் சாம்பல் கிளிகளில் பெரும் பங்கு தென்னாப்பிரிக்க வளர்ப்பகங்களில் பிறந்தது. அப்படி வந்த பறவை என்றால், அதை இறக்குமதி செய்தபோது கொடுத்த சைட்டீஸ் அனுமதியின் எண் வேண்டும். உங்களுக்குக் கிடைக்கப்போவது மறுஏற்றுமதிச் சான்றிதழ். அமீரகத்திலேயே பிறந்திருந்தால் வளர்ப்பகத்தின் சான்று வேண்டும். அப்போது கிடைப்பது ஏற்றுமதி அனுமதி. கடை ரசீதில் "கிரே பேரட் 1" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வாங்கியதற்குத்தான் சான்று, பிறப்புக்குச் சான்று ஆகாது. அப்படியானால் இன்றே கடைக்குப் போய், அவர்கள் எந்த அனுமதியின் கீழ் அந்தத் தொகுதிப் பறவைகளைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு நகல் வாங்குங்கள். ஆறு ஆண்டில் கடை மூடியிருக்கலாம், கைமாறியிருக்கலாம். அதனால்தான் இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்கிறேன்.

அடுத்து, அந்தக் காகிதம் இந்தப் பறவைக்குத்தான் உரியது என்று காட்ட வேண்டும். காலில் மூட்டில்லாத முழு வளையம் இருக்கிறதா பாருங்கள். குஞ்சாக இருக்கும்போது குறிப்பிட்ட சில நாளுக்குள்தான் அதை மாட்ட முடியும்; கால் பருத்த பிறகு உள்ளே போகாது, கழற்றவும் முடியாது. முழு வளையத்துக்கு மதிப்பு அதனால்தான். எண்ணைப் படிக்கப் பகல் வெளிச்சத்தில் போனை நெருக்கி வைத்து மூன்று பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். கிளி அலகால் சுரண்டிச் சுரண்டி 8 என்பது 3 போலவும், சுழியம் ஆங்கில 'ஓ' எழுத்து போலவும் தெரியும். விண்ணப்பத்தில் ஒன்றும் காலில் வேறொன்றுமாக இருந்தால் விமான நிலையத்தில் அது வேறொரு பறவை என்றே பொருள். வளையம் இல்லாவிட்டால், அல்லது தேய்ந்து படிக்க முடியாமல் போயிருந்தால், பறவை மருத்துவரிடம் மைக்ரோசிப் போட்டுக்கொள்ளுங்கள்: பன்னாட்டுத் தரத்தில் 15 இலக்க எண் கொண்டது, பறவைகளுக்கு வழக்கமாக இடது மார்புத் தசையில் போடுவார்கள். சிப் போட்டதும் ஸ்கேனரில் படித்துக் காட்டச் சொல்லி, எண், தேதி, பழைய வளைய எண் மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பழைய காகிதத்தையும் புதிய எண்ணையும் இணைக்கும் ஒரே பாலம் அந்தத் தாள்தான்.

இப்போது வரிசை. பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். முதல் பட்டியல் உயிரினத்துக்கு, போய்ச் சேரும் நாடு இறக்குமதி அனுமதி கொடுத்த பிறகுதான் புறப்படும் நாடு தன் காகிதத்தைத் தருவது வழக்கம். ஜெர்மனியில் அந்த அனுமதியைத் தருவது பான் நகரில் இருக்கும் கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்பு அலுவலகம். அமீரகத்தில் காலநிலை மாற்றம், சுற்றுச்சூழல் அமைச்சகம். எனவே முதலில் பானுக்கு விண்ணப்பம். அவர்கள் அனுமதி கைக்கு வந்ததும் அதன் நகலோடு அமீரக அமைச்சகத்துக்கு. தலைகீழாகச் செய்தால் இரண்டு இடத்திலும் கோப்பு தூங்கும். சொந்தப் பயன்பாட்டுப் பொருள்களுக்கு விலக்கு உண்டு என்று யாராவது சொன்னால், ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த விலக்கு உயிரற்ற பொருள்களுக்கு மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். தோல் பைக்குப் பொருந்துவது உயிருள்ள கிளிக்குப் பொருந்தாது. ஏற்றுமதிக் காகிதத்தின் ஆயுள் ஆறு மாதம். ஐரோப்பிய இறக்குமதி அனுமதி அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். ஆகவே ஜெர்மன் அனுமதியைச் சீக்கிரம் வாங்கி வைப்பதில் நட்டம் இல்லை. பயணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குங்கள். அக்டோபர் என்றால் ஏப்ரல், மே. அதற்குள் முடியாவிட்டால் நீங்கள் முன்னால் போய், பிறகு விடுப்பில் திரும்பி வந்து பறவையைக் கூடவே அழைத்துப் போவதுதான் வழி. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பான் அலுவலகம் பறவையின் பிறப்பை மட்டும் பார்ப்பதில்லை, போய் இருக்கப்போகும் இடத்தையும் பார்க்கும். உயிருள்ள பறவைக்குத் தகுந்த இருப்பிடம் இருக்கிறதா என்பது அனுமதிக்கான நிபந்தனைகளில் ஒன்று. கிளி வளர்ப்புக்குக் குறைந்தபட்சத் தேவைகள் என்று 1995-இல் ஜெர்மன் வேளாண் அமைச்சகம் வெளியிட்ட வல்லுநர் அறிக்கையைத்தான் அதிகாரிகள் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். சாம்பல் கிளி அளவுள்ள பறவைக்கு அதன்படி கூண்டு 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். துபாய்க் கடைகளில் 'பெரியது' என்று விற்கும் உயரவாக்கில் நிற்கும் கூண்டு எதுவும் இதற்குப் போதாது. கிளிகளைத் துணையோடு வளர்க்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொல்கிறது. குஞ்சிலிருந்து மனிதரோடு மட்டுமே பழகிய பறவை என்றால் அதை விளக்கிப் பறவை மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி விண்ணப்பத்தோடு வைப்பது நல்லது. அதிகாரி அதை ஏற்றுக்கொள்வாரா என்பது ஆளுக்கு ஆள் மாறும், உறுதியாகச் சொல்ல முடியாது. மியூனிக்கில் முதல் சில மாதம் கம்பெனி தரும் சின்ன ஸ்டூடியோவில் தங்குவீர்கள் என்றால், எந்த முகவரியை எழுதுவது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கிளி வருவதை எழுத்தில் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சிட்டு, பட்ஜிக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். காலை ஆறு மணிக்குச் சாம்பல் கிளி எழுப்பும் சத்தம் பக்கத்து வீட்டுக்காரரின் புகாராக வரும்.

சைட்டீஸ் ஒரு பக்கம். பறவைக்காய்ச்சல் இன்னொரு பக்கம். இரண்டும் வேறு வேறு துறை, ஒன்றின் காகிதம் மற்றதற்கு உதவாது. சொந்த வளர்ப்புப் பறவையாக, விற்பனைக்கு அல்லாமல், ஐந்து பறவை வரைதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகலாம். அதற்கு விதியில் நான்கு வழிகள் இருக்கின்றன: ஒன்றியத்தின் பட்டியலில் உள்ள நாடு என்றால் புறப்படும் முன் 30 நாள் தனிமை, அல்லது போய் இறங்கியதும் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் 30 நாள் தனிமை, அல்லது பறவைக்காய்ச்சல் தடுப்பூசி, அல்லது புறப்படும் முன் குறைந்தது 14 நாள் தனிமையில் வைத்து, ஏழாம் நாளுக்கு முன்னதாக இல்லாமல் எடுத்த மாதிரியில் எச்5, எச்7 வகைப் பறவைக்காய்ச்சல் வைரஸ் இல்லை என்ற ஆய்வு முடிவு. வீட்டுப் பறவைக்கு நடைமுறையில் ஒத்துவருவது கடைசி வழி. 14 நாள் தனிமை என்றால் வேறு எந்தப் பறவையோடும் தொடர்பில்லாமல்; பால்கனியில் புறா வந்து உட்காரும் இடத்தில் கூண்டை வைத்தால் அது தனிமை ஆகாது. உங்கள் ஃபிளாட்டையே தனிமை இடமாக ஏற்பார்களா, அவர்கள் சொல்லும் மருத்துவமனையில் விட வேண்டுமா என்பதை, சான்றிதழில் கையெழுத்திடப்போகும் அரசுக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தனிமை முடிந்த பிறகு "அங்கே வைத்தது செல்லாது" என்றால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

மாதிரி எடுப்பது பெரிய காரியம் இல்லை: தொண்டையிலும் கழிவுவாயிலும் பஞ்சுக்குச்சியால் தொட்டு எடுப்பார்கள். எட்டாம் ஒன்பதாம் நாளில் எடுத்துவிட்டால், முடிவு வர நான்கைந்து நாள் ஆனாலும் பதினான்காம் நாள் கையில் இருக்கும். புறப்படுவதற்கு 48 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவர் பறவையை நேரில் பார்த்து நோய் அறிகுறி இல்லை என்று எழுத வேண்டும். நீங்களும் ஓர் உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டும். முன்பு சொன்ன கணக்கு இதுதான்: உரிமையாளரின் பயணத்துக்கு முன்னும் பின்னும் ஐந்து நாளுக்குள் பறவை பயணித்தால்தான் அது 'சொந்த வளர்ப்புப் பறவை'. நீங்கள் அக்டோபரில் போய், கிளி டிசம்பரில் சரக்காக வந்தால் வணிக இறக்குமதி விதிகள் பாயும். ஒற்றைப் பறவைக்கு அவற்றை நிறைவேற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். அப்படித் தாமதமானால் விடுப்பு எடுத்துத் திரும்பி வந்து கூடவே அழைத்துப் போங்கள். உங்கள் சார்பில் வேறொருவர் பறவையோடு பயணிக்க எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம், ஆனால் அவருக்கும் இதே ஐந்து நாள் கணக்குதான். இந்தப் படிவங்களை ஒன்றியம் அவ்வப்போது மாற்றும். போன ஆண்டு போனவர் அனுப்பிய படிவத்தை நிரப்பாமல், பயண மாதத்தில் புதிதாக இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி விமானம். எமிரேட்ஸ் பயணிகள் பகுதியில் பறவைகளை அனுமதிப்பதில்லை. சில பாகிஸ்தான் ஊர்களுக்குப் போகும் வல்லூறுகளுக்கு மட்டும் விலக்கு. கிளி சரக்குப் பிரிவில்தான் போகும். சரக்கு என்றதும் பயப்பட வேண்டாம்: உயிருள்ளவை போகும் அறை அழுத்தமும் வெப்பமும் சீராக்கப்பட்டது. ஆபத்து வானத்தில் இல்லை, ஓடுதளத்தில் காத்திருக்கும் நேரத்தில். துபாயில் அக்டோபர்ப் பகலும் சூடுதான், எனவே இரவு விமானம் எடுங்கள். நேர் விமானமாக இருக்கட்டும். வழியில் ஒரு நாட்டில் மாறினால் அந்த நாட்டின் விதிகளும் சேர்ந்துகொள்ளும். மியூனிக்குக்கே விமானம் இருந்தாலும் ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்குவதைத்தான் பரிந்துரைப்பேன். 2008-இலிருந்து அங்கே விலங்குகளுக்கென்றே தனிக் கூடம் இயங்குகிறது, கால்நடை மருத்துவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். அங்கிருந்து மியூனிக்குக் காரில் நாலு மணி நேரம்.

செலவை ஒரே தொகையாகச் சொன்னால் தவறாகிவிடும், ஆனால் அது எப்படி ஏறுகிறது என்று சொல்ல முடியும். விமானச் சரக்கில் எடையையும் பெட்டியின் கன அளவையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுப்பார்கள். 60, 45, 50 அளவுள்ள பெட்டி என்றால் 22.5 கிலோ. அரைக் கிலோ கிளிக்கு இருபத்திரண்டரைக் கிலோவின் கட்டணம், அதுவும் உயிருள்ளவைக்கான கூடுதல் விகிதத்தில். இதோடு இரண்டு நாட்டு அனுமதிக் கட்டணம், ஆய்வு, இறங்கும் இடத்தில் மருத்துவப் பரிசோதனை, ஏஜென்ட் கூலி. ஏஜென்ட் கூலிதான் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் வேறுபடும். மூன்று பேரிடம் விலை கேளுங்கள். சைட்டீஸ் விண்ணப்பம் அதில் அடங்குமா என்று தனியாகக் கேளுங்கள்.

பெட்டியில் கஞ்சத்தனம் வேண்டாம். விமான நிறுவனங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாட்டாவின் உயிருள்ள விலங்குகள் விதிநூல்தான் எல்லா விமான நிறுவனங்களுக்கும் அளவுகோல். நாய்க்குட்டிக்கான பிளாஸ்டிக் பெட்டி கிளிக்கு ஆகாது, அலகால் கதவுப் பூட்டை நெம்பிவிடும். மரச்சட்டத்தின் உள்பக்கம் உலோக வலை வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள வலை என்றால் வினிகர் தொட்டுத் தேய்த்துக் கழுவுங்கள், கிளி வலையைக் கடித்துக்கொண்டே போகும், துத்தநாகம் அதற்கு நஞ்சு. குறுக்கே ஒரு மரக்குச்சி, ஆடாமல். அதில் உட்கார்ந்தால் தலை மேலே இடிக்கக் கூடாது, சிவப்பு வால் தரையையும் பின் சுவரையும் தொடக் கூடாது. தீனிக் கிண்ணம் குச்சிக்கு நேர் கீழே இருந்தால் எச்சம் அதில்தான் விழும். பக்கவாட்டில், வெளியிலிருந்தே நிரப்பும்படி வையுங்கள். தண்ணீர் தளும்பி மார்பிறகு நனைந்தால் குளிர் பிடிக்கும், ஆகவே கிண்ணத்தில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் போட்டு, கூடவே ஆப்பிளும் வெள்ளரிக்காயும் வையுங்கள். ஈரம் அதிலிருந்தே கிடைக்கும். முன்பக்க வலைக்கு மேல் காற்று போகும் மெல்லிய பருத்தித் துணி. மங்கலாக இருந்தால் பறவை அடங்கி உட்காரும்.

அந்தப் பெட்டி ஆறு வாரம் முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும். கதவைத் திறந்தபடி கூண்டருகில் வைத்து, பிடித்த தீனியை அதற்குள் மட்டும் கொடுங்கள். பிறகு கதவை மூடிப் பத்து நிமிடம், அரை மணி, காரில் ஒரு சுற்று. சாம்பல் கிளிகள் மற்றக் கிளிகளைவிடப் பயந்த சுபாவம். பழக்காமல் திணித்துப் பூட்டினால் போய்ச் சேர்ந்த பிறகு இறகைப் பிய்க்கத் தொடங்கும், அந்தப் பழக்கம் வந்துவிட்டால் விடுவது கஷ்டம். மயக்க மருந்து எக்காரணம் கொண்டும் வேண்டாம். இன்னொரு விஷயம், இந்த இனத்துக்கு ரத்தத்தில் கால்சியம் குறைவது சாதாரணம். வெறும் சூரியகாந்தி விதையில் வளர்ந்த பறவை பயண அதிர்ச்சியில் வலிப்பு வந்து விழலாம். மூன்று மாதம் முன்பே ரத்தப் பரிசோதனை செய்து, உணவைத் திருத்துங்கள். அப்போதே கிளிக்காய்ச்சலுக்கும் (பறவைக்காய்ச்சல் அல்ல, சிட்டாகோசிஸ் என்ற பாக்டீரியா நோய்) அலகு, இறகு நோய்க்கும் சோதித்துவிடுங்கள். நுழைவு விதியில் இவை இல்லை என்றாலும், கிளிக்காய்ச்சல் இருந்தால் வழக்கமான மருந்து 45 நாள் கொடுக்க வேண்டும், அது உங்கள் தேதியை அப்படியே தள்ளிவிடும். தினமும் காலையில் தீனிக்கு முன் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வாருங்கள். பயணத்துக்குப் பின் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

புறப்படும்போது சைட்டீஸ் காகிதத்தின் அசல் பறவையோடு போக வேண்டும், நகல் செல்லாது. துபாய் சுங்கத்தில் அதற்குரிய கட்டத்தில் முத்திரை விழுந்ததா என்று கண்ணால் பாருங்கள். அதிகாலை அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள். போன பிறகு பின்தேதியிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமே வேண்டாம், முதல் பட்டியல் உயிரினத்துக்கு அப்படிக் கொடுப்பதில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டில் கால்நடை மருத்துவரும் சுங்கமும் பார்த்து முத்திரையிட்ட இறக்குமதி அனுமதிதான் இனி கிளியின் பாஸ்போர்ட். குடியேறியதும் தாமதிக்காமல் உங்கள் பகுதியின் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்தில் பறவையைப் பதிவு செய்ய வேண்டும். வீடு மாறினாலும், பறவை இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். தனிச் சான்றிதழ் இல்லாமல் அதை அங்கே விற்கவும் முடியாது. புது வீட்டில் நான்ஸ்டிக் சட்டியைக் காயவிடாதீர்கள், அந்தப் புகை சில நிமிடத்தில் பறவையைக் கொன்றுவிடும். குளிர்காலத்தில் ஹீட்டர் காற்றை உலர்த்தும், வெயிலும் இராது. தண்ணீர் தெளிப்பும், பறவைகளுக்கான புற ஊதா விளக்கும் தேவைப்படும்.

திருச்சி விஷயம். இது எளிய மாற்று அல்ல, இன்னும் கடினமான வழி. குடிபெயர்ந்து வருகிறவர் லக்கேஜோடு கொண்டுவர இந்தியா அனுமதிப்பது நாய், பூனை மட்டும், அதுவும் இரண்டு வரை. கிளிக்கு வெளிநாட்டு வணிக இயக்ககத்தின் இறக்குமதி உரிமம் வேண்டும். 2022-இல் திருத்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சைட்டீஸ் உயிரினங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்போர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். முறையின்றி வந்த பறவையைப் பதிய வழியில்லை. சிக்கல் உங்கள் அம்மாவின் பெயரில் வரும். மியூனிக் வேலை மாறி வேறு நாடு என்று ஆனாலும் இந்தப் பதில் பொருந்தாது: ஆஸ்திரேலியா நியூசிலாந்திலிருந்து தவிர வேறெங்கிருந்தும் வளர்ப்புப் பறவைகளை ஏற்பதில்லை, அமெரிக்காவில் 1992-இலிருந்து காட்டுப் பறவைகளுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது.

பிறப்புக் காகிதம் கடைசிவரை கிடைக்கவில்லை என்றால், அமீரகத்திலேயே நல்ல வீடு பார்ப்பதுதான் ஒரே நேர்மையான வழி. நல்ல பராமரிப்பில் இந்தக் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டு வாழும், ஆகவே எடுக்கிறவரின் வயதையும் அவர் எத்தனை ஆண்டு அங்கே இருப்பார் என்பதையும் கேளுங்கள். இணையத்தில் 'இலவசம்' என்று போடாதீர்கள், மறுநாளே சந்தையில் விலைக்கு நிற்கும். உங்கள் பறவை மருத்துவரிடம் கேட்டால், அண்மையில் கிளியை இழந்த வீடு எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் ஒரு மாதம் உங்கள் வீட்டுக்கு வந்து பழகட்டும். கூண்டு, குச்சி, கிண்ணம் எதையும் மாற்றாமல் அப்படியே கொடுங்கள். கிளி எந்தச் சொல்லுக்கு எப்படிப் பதில் சொல்லும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதி, நீங்களே பேசிய குரல் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள்.